திண்மம், திரவம், காஞ்சிபுரம்



 காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலில் மூலவருக்குத் தண்ணீர் விட்டு அபிஷேகம் செய்வதில்லை. அபிஷேகமெல்லாம் ஆவுடையாருக்குத்தான். லிங்கத் திருமேனிக்குப் புனுகு சாத்துவதோடு சரி. காரணம் அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: அது மணலால் பிடித்த லிங்கம். பஞ்சபூதத் தலங்களில் மண்ணுக்கு உரியது இது. கம்பை ஆற்றங்கரையில் மாமரத்தடியில் அம்பாள் மணலைப் பிடித்து லிங்கமாக்கிப் பூசை செய்தாள். ஆறு பெருகி வந்தது. லிங்கம் கரைந்துவிடுமே என்று மார்போடு அணைத்துக்கொண்டாள் என்பது தலபுராணம். தழுவக் குழைந்த நாதர் என்று சுவாமிக்கே ஒரு பெயர் உண்டு.

இந்த மாதம் நம் இதழில் பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் பகுதி தொடங்குகிறது. முதல் கட்டுரை பருப்பொருளின் நிலைகள் பற்றியது. அச்சுக்குப் போகும் முன் படித்துப் பார்த்தேன். தப்பொன்றும் இல்லை. திண்மத்துக்குக் கல், திரவத்துக்குத் தண்ணீர், வாயுவுக்குக் காற்று. நான் படித்த காலத்திலும் இதே கல், இதே தண்ணீர், இதே காற்று. ஆனால் படித்து முடித்ததும் எனக்கு அந்த மணல் லிங்கம்தான் ஞாபகம் வந்தது. மணலை எந்தக் கட்டத்தில் போடுவது?

ஒவ்வொரு மணியும் கல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் உலர்ந்த மணலைக் கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகுகிறது. பாத்திரத்தில் கொட்டினால் பாத்திரத்தின் வடிவத்துக்கு வருகிறது. திரவத்துக்குப் பாடப்புத்தகம் சொல்லும் இலக்கணம் அதுதானே? அதே மணலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் கோபுரம் கட்டலாம். மாமல்லபுரம் கடற்கரையில் குழந்தைகள் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மணிக்கும் மணிக்கும் நடுவே மிகச் சிறிய நீர்ப்பாலங்கள் உண்டாகி, நீரின் பரப்பு இழுவிசை அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. தண்ணீர் கூடிப்போனால் பாலங்கள் ஒன்றோடொன்று கலந்து, இழுத்துப் பிடிக்கப் பரப்பே இல்லாமல் போகிறது, கோபுரம் சரிந்துவிடும். மணலைப் பிடித்து வைப்பதும் தண்ணீர், கரைப்பதும் தண்ணீர். அளவுதான் வித்தியாசம். புனுகு சாத்தும் அர்ச்சகர் பரப்பு இழுவிசை படித்திருக்க வேண்டியதில்லை. மணலுக்குத் தண்ணீர் ஆகாது என்பதை அந்தக் கோயிலின் வழக்கம் தெரிந்துவைத்திருக்கிறது.

இது விளையாட்டு விஷயமும் அல்ல. 1964இல் ஜப்பானின் நீகாட்டா நகரில் பூகம்பம் வந்தபோது, ஈரமணல் மேல் நின்ற அடுக்குமாடிக் கட்டடங்கள் உடையாமலேயே அப்படியே சாய்ந்து படுத்துவிட்டன. குலுக்கலில் தரை சில நிமிடங்களுக்குத் திரவம் ஆகிவிட்டது. 2001 குஜராத் பூகம்பத்தில் கட்ச் ரண் பகுதியில் நிலத்திலிருந்து மணலும் தண்ணீரும் ஊற்றாகப் பீறிட்டன.

பஞ்சபூதம் என்றதும் சிலர் கைபேசியில் அனுப்பும் செய்தி ஒன்று உங்களுக்கும் வந்திருக்கலாம். காஞ்சிபுரத்து மண் திண்மம், திருவானைக்காவல் நீர் திரவம், காளத்திக் காற்று வாயு, திருவண்ணாமலைத் தீ பிளாஸ்மா, ஆக நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று போகும் அது. எனக்கு இதில் உடன்பாடில்லை. தீ ஒரு நிலையே அல்ல, அது ஒரு நிகழ்வு: எரிபொருளின் ஆவி காற்றோடு வினைபுரிகிறது, கரித்துகள் சூட்டில் ஒளிர்கிறது. விளக்குச் சுடரில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் மிகச் சொற்பம்; அதைப் பிளாஸ்மா என்று சொல்ல முடியாது. பிளாஸ்மா வேண்டுமானால் மின்னலில் இருக்கிறது, சூரியனில் இருக்கிறது, நெசவாளர் வீட்டில் தறிக்கு மேலே தொங்கிய குழல்விளக்கில் இருந்தது. இப்போது எல்.இ.டி. வந்து அதையும் தறிக்கூடத்தை விட்டுத் துரத்திவிட்டது. பெரியவர்களின் தத்துவம் தத்துவமாகவே பெரியது. அதன் கையில் நாம் இயற்பியல் சான்றிதழ் திணிக்க வேண்டியதில்லை.

காஞ்சிபுரத்தின் உண்மையான இயற்பியல் பட்டில் இருக்கிறது.

ஒரு பட்டுப்புழுவின் உடம்பைப் பெரும்பகுதி அடைத்துக்கொண்டு இரண்டு நீண்ட சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் இருப்பது நூல் அல்ல; ஃபைப்ராயின் என்ற புரதம் தண்ணீரில் கரைந்த கெட்டியான திரவம். ஏறக்குறையக் கால் பங்கு புரதம், மீதி தண்ணீர். இவ்வளவு செறிவாகப் புரதத்தைக் கரைத்து உறையாமல் வைத்திருப்பதே பெரிய வித்தை. புழு அதை வாயருகில் உள்ள நுண்துளை வழியே வெளியே விட்டு, ஓர் இடத்தில் ஒட்டி, தலையை எட்டு போடும் விதமாக ஆட்டி ஆட்டி இழுக்கிறது. இழுக்கும்போதுதான் திரவம் நூலாகிறது.

இங்கே சற்று நிற்க வேண்டும். திரவம் திண்மமாவதற்கு நமக்குத் தெரிந்த வழி குளிர்விப்பது. நெய் உறைகிறது, மெழுகு உறைகிறது, வார்த்த வெண்கலம் உறைகிறது. பட்டில் அப்படி எதுவும் நடப்பதில்லை. புழு இருக்கும் அறையின் வெப்பத்திலேயே, அடுப்பும் இல்லாமல் பனிக்கட்டியும் இல்லாமல், இழுப்பதாலேயே அது திண்மமாகிறது. சுரப்பியின் குழாய் போகப் போகக் குறுகுகிறது. அமிலத்தன்மை சற்று ஏறுகிறது. உப்புகளின் அளவு மாறுகிறது. கடைசியில் இழுவிசை வந்ததும் சுருண்டு கிடந்த புரதச் சங்கிலிகள் நீண்டு, பக்கத்தில் பக்கம் அடுக்கி, கைகோத்துக்கொள்கின்றன. அந்தப் பிடி அவிழ்வதே இல்லை. அதே பட்டை மறுபடி தண்ணீரில் போட்டாலும், கொதிக்க வைத்தாலும், திரவமாகத் திரும்பாது. ஒரு கூட்டில் ஒரே இழையாக ஒரு கிலோமீட்டரை ஒட்டிய நீளம் வரை இருக்கும். இரண்டு மூன்று நாளில் புழு இதைச் செய்து முடிக்கிறது.

இழையைச் சுற்றி செரிசின் என்ற பசை இருக்கிறது. அது மட்டும் சுடுநீருக்கு இளகும். கூட்டை வெந்நீரில் போட்டு நூல் எடுப்பதும், பிறகு சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் கச்சாப் பட்டை வேகவைப்பதும் இந்தப் பசைக்காகத்தான். வேகவைத்த பட்டு தன் எடையில் நான்கில் ஒரு பங்கு அளவை இழந்துவிடும். அதன் பிறகுதான் சாயம் ஏறும், பளபளப்பும் வரும். உள்ளே இருக்கும் பூச்சிக்கும் இந்த ரகசியம் தெரியும்: அந்துப்பூச்சியாகி வெளியே வரும்போது, பசையைக் கரைக்கும் ஒரு நொதியை உமிழ்ந்து வழி செய்துகொள்கிறது. அப்படி வழி செய்துகொண்டால் இழை கலைந்துவிடும் என்பதால்தான் பூச்சி வெளியே வரும் முன்பே கூட்டை வெந்நீரில் போடுகிறார்கள். பட்டுக்கே பேர்போன ஊரின் மடத்திலிருந்து காஞ்சிப் பெரியவர் பட்டு உடுத்த வேண்டாம் என்று பெண்களிடம் சொன்னதற்குக் காரணம் இந்த வெந்நீர்ப் பாத்திரம்தான். அந்த விவாதத்தை இந்தப் பக்கத்தில் தீர்க்க நான் வரவில்லை. ஆனால் பட்டைப் பற்றி எழுதிவிட்டு அதைச் சொல்லாமல் போவது நேர்மை ஆகாது.

பட்டு உருகாது என்றேன். கடைகளில் நூல் கொளுத்திப் பார்க்கும் வழக்கத்தின் சூட்சுமம் இதுவே. பாலியெஸ்டர் நூல் செய்யப்படுவது அதன் மூலப்பொருளை உருக்கி, துளை வழியே பிதுக்கி, குளிர்வித்து. உருகி வந்தது உருகியே போகும். தீயில் காட்டினால் சுருண்டு உருகி, ஆறியதும் கடினமான மணியாகத் திரளும். பட்டு நூல் மயிர் கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலை விடும். புடவை வாங்கப் போகும் அம்மாக்கள் தீக்குச்சியைக் கிழித்துச் செய்வது அசல் நிலைமாற்றச் சோதனை. 

பட்டுக்குள் வாயுவும் உண்டு. காற்றில் இருக்கும் நீராவியைப் பட்டு உறிஞ்சிக்கொள்ளும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரம் குடித்தாலும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. வெயில் நாளில் ஓர் எடை, மழை நாளில் ஓர் எடை. வியாபாரத்தில் இது எத்தனை சண்டையைக் கொண்டுவந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிரான்சின் பட்டு நகரமான லியோனில் இதற்கென்றே 1805இல் நெப்போலியன் காலத்தில் அரசாங்கம் ஒரு நிலையம் அமைத்தது. மாதிரியை முழுக்க உலர்த்தி எடை போட்டு, அதன்மேல் நூற்றுக்குப் பதினொன்று ஈரம் சேர்த்துக் கணக்கிடும் வழக்கம் உலகச் சந்தைக்கு வந்தது. காஞ்சிபுரத்திலும் சங்கமோ முதலாளியோ நெசவாளருக்குப் பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுத்து, நெய்த புடவையை நிறுத்து வாங்குவதுதான் வழக்கம். தராசின் ஒரு தட்டில் எப்போதும் கொஞ்சம் நீராவி உட்கார்ந்திருக்கிறது.

நெசவாளருக்கு அந்த நீராவி வேண்டியதாகவும் இருக்கிறது, வேண்டாததாகவும் இருக்கிறது. குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்கிறார். மண் குழியின் ஈரம் மேலே உள்ள பாவு நூலுக்கு ஏறி, அதை வறண்டு அறுந்துபோகாமல் காக்கிறது. கோடையில் அது வரம். பாவுக்குக் கஞ்சி போடுவதற்கோ நேர்மாறான வானிலை தேவை. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை நீட்டி, அரிசிக் கஞ்சியைப் பூசி, அலகு தேய்த்து, வெயில் ஏறுவதற்குள் உலர்த்தி எடுக்க வேண்டும். கஞ்சி உலர்ந்து நூலின் மேல் மெல்லிய திண்மப் படலமாகப் படிந்தால்தான் பாவு நாடாவின் அடிக்கும் அச்சின் உரசலுக்கும் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கஞ்சி உலராது. குழியிலோ நிலத்தடி ஊற்று ஏறித் தண்ணீர் நிற்கும். தறி நின்றால் கூலியும் நின்றுபோகும். தண்ணீர் ஆவியாக மறுத்ததால் இழந்த வேலை நாட்களுக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் கட்டம் இல்லை. தீபாவளிக்குப் பட்டு எடுக்கும் நாம் அதே மழையைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம்.

ஈரம் போவதே ஆபத்தாகும் பொருளும் இந்த ஊரில் இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள் அத்தி மரத் திருமேனியாகப் பள்ளிகொண்டிருக்கும் அத்திவரதர், நாற்பது வருடத்துக்கு ஒருமுறை வெளியே எழுந்தருள்கிறார். 1979க்குப் பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் வைபவம். அந்தக் கூட்டத்தில் நசுங்கியவர்கள் நம் வாசகர்களிலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். மரம் தண்ணீரில் எப்படிக் கெடாமல் இருக்கிறது என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்கு ஆக்சிஜன் வேண்டும். நீரில் மூழ்கிய மரத்துக்கு அது போய்ச் சேர்வது மிகக் குறைவு. காற்றில் மட்டுமே இருப்பதும் தேவலை, நீருக்குள் மட்டுமே இருப்பதும் தேவலை. நனைந்து நனைந்து உலர்வதுதான் மரத்துக்கு எமன். சுவீடனில் 1628இல் முதல் பயணத்திலேயே மூழ்கிய ‘வாசா’ கப்பலை 1961இல் மேலே தூக்கினார்கள். மரத்துக்குள் இருந்த தண்ணீர் ஆவியாகிப் போனால் உள்ளறைகள் சுருங்கிப் பலகை வெடித்துவிடும் என்று, தண்ணீருக்குப் பதிலாக ஒரு மெழுகுப் பொருளை ஏற்றுவதற்காகப் பதினேழு வருடம் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். 

மறுபடி வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு, அதன் மடைப்பள்ளிக்கு வருவோம். காஞ்சிபுரம் இட்லி நாம் வீட்டில் ஊற்றும் இட்லி அல்ல. மூங்கில் குடலையில் மந்தாரை இலையைச் சுற்றி வைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்த மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பது. துண்டு போட்டுத்தான் தருவார்கள். இதில் மூன்று நிலையும் ஒரே குடலையில் கூடுகின்றன. அரைத்த மாவு திண்மத் துகள்கள் மிதக்கும் திரவம். புளிக்கும்போது நுண்ணுயிர்கள் விடும் கரியமில வாயு உளுந்தின் கொழகொழப்பில் சிக்கிக் குமிழ்களாக நிற்கிறது. ஆவி பட்டதும் புரதமும் மாவுச்சத்தும் இறுகி, வாயுவை உள்ளே வைத்துக்கொண்டே திண்மமாகின்றன.

ஆவிக்கு அவ்வளவு சக்தி எங்கிருந்து? ஒரு கிராம் தண்ணீரைப் பனிக்கட்டிக் குளிர்ச்சியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கலோரி போதும். கொதிக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். வெப்பமானியில் ஒரு டிகிரிகூட ஏறாமல் இவ்வளவும் உள்ளே போகிறது. குடலையின் மேல் பட்டு மறுபடி தண்ணீராகும் கணத்தில் ஆவி அந்த 540ஐயும் அங்கேயே இறக்கி வைத்துவிடுகிறது. வெந்நீர் பட்ட கையைவிட ஆவி பட்ட கை மோசமாகப் பொத்துப்போவதும் இதனால்தான். இவ்வளவு வெப்பம் தந்தாலும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே இட்லி தோசையைப் போலச் சிவக்காது. குடலை பெரிதானால் நடுப்பகுதிக்கு வெப்பம் மெல்ல மெல்லத்தான் போய்ச்சேரும், அதற்குத்தான் அத்தனை மணி நேரம். பிள்ளைகளுக்கு உள்ளுறை வெப்பம் நடத்தும் ஆசிரியர்களுக்கு என் சிபாரிசு: சூத்திரத்துக்கு முன்னால் இட்லிப் பானை.

மூன்று நிலையோடு உலகம் நின்றுவிடவில்லை என்பதை நம் பிள்ளைகள் சீக்கிரமே கேட்டு வைப்பது நல்லது. 1888இல் பிராகில் ஃப்ரீட்ரிஷ் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர், கொலஸ்ட்ராலிலிருந்து செய்த ஒரு பொருள் இரண்டு தடவை உருகுவதைப் பார்த்தார். 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலான திரவமானது, 178.5 டிகிரியில் அந்தக் கலங்கல் தெளிந்தது. நடுவில் இருந்தது திரவம்போல ஓடியது, படிகம்போல ஒழுங்கும் காட்டியது. திரவப் படிகம் என்று பிறகு பெயர் வந்தது. இன்று அதன் வழியாகத்தான் தொலைக்காட்சி பார்க்கிறோம். 1924இல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டீனுக்கு அனுப்பிய கட்டுரையில் தொடங்கி, 1995இல் அமெரிக்காவின் கொலராடோவில் ருபிடியம் அணுக்களில் கைகூடிய போஸ்-ஐன்ஸ்டீன் செறிபொருள் இன்னொரு நிலை.

இதில் நம்மவர் கதை ஒன்று சொல்ல வேண்டும். சந்திரசேகர் என்றதும் 1983இல் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர்தான் நினைவுக்கு வருவார், சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன். அவர் ஆராய்ந்தது எரிந்து முடிந்த விண்மீனின் உள்ளே, எலக்ட்ரான்கள் நெருக்கித் தள்ளப்பட்ட நிலை. ராமனுக்கு இன்னொரு சந்திரசேகரும் உண்டு, தங்கை சீதாலட்சுமியின் மகன் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். பெங்களூர் ராமன் ஆய்வுக் கழகத்தில் இவரும் இவருடைய சகாக்களும் 1977இல் புது வகைத் திரவப் படிகம் ஒன்றைக் கண்டார்கள். அதுவரை குச்சி வடிவ மூலக்கூறுகளே திரவப் படிகமாகும் என்று நம்பியிருந்தார்கள். இவர்கள் தட்டு வடிவ மூலக்கூறுகள் காசு அடுக்கியதுபோல் தூண் தூணாக நிற்பதைக் காட்டினார்கள். எல்.சி.டி. திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் தெளிவாகத் தெரியச் செய்யும் மெல்லேட்டில் பிற்பாடு இந்த வகை மூலக்கூறுகள்தாம் பயன்பட்டன. ஒரே குடும்பம், ஒரே பெயர், ஒருவர் விண்மீனில் ஒரு நிலை, மற்றவர் ஆய்வுக்கூடத்தில் ஒரு நிலை. இரண்டாவது சந்திரசேகரை நம் பிள்ளைகள் கேள்விப்பட்டதே இல்லை.

அவரை இங்கே இழுத்து வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ஃப்ரிட்ஸ் வோல்ராத்தும் டேவிட் நைட்டும் 2001இல் ‘நேச்சர்’ இதழில், சிலந்தி தன் இழையை நூற்பதே திரவப் படிக நிலையின் வழியாகத்தான் என்று எழுதினார்கள். பட்டுப்புழுவின் சுரப்பியிலும் அந்த ஒழுங்கு காணப்பட்டிருக்கிறது. ஓடவும் வேண்டும், இழுத்ததும் வரிசைக்கு வரவும் வேண்டும் என்ற புரதத்துக்கு அதுதான் தோதான நிலை.

கடைசியாக ஜரிகை. அசல் ஜரிகையின் உள்ளே சிவப்புப் பட்டு இழை, அதைச் சுற்றித் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். எடையில் வெள்ளிதான் அதிகம், கூடவே செம்பு. தங்கம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஜரிகையை லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பது அதனால்தான். வெள்ளிக் கட்டியைத் துளைத்தகடுகளின் வழியே இழுத்து இழுத்து மயிரிழையாக்கும்போது அது உருகுவதே இல்லை. திண்மமாகவே இருந்து நீள்கிறது. பழைய முறையில் வெள்ளிக் கம்பியின்மேல் தங்கத் தகட்டைச் சுற்றி இரண்டையும் சேர்த்தே இழுப்பார்கள். எவ்வளவு நீண்டாலும் தங்கம் விட்டுக்கொடுக்காமல் கூடவே நீளும். இப்போது முலாம் பூசுவது மின்சாரத்தால். கரைசலில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் தங்கம் இழையில் வந்து படிகிறது.

ஆக ஒரு முந்தானையில் இரண்டு நூல் பக்கத்தில் பக்கம் ஓடுகின்றன. ஒன்று எத்தனை தடவை வேண்டுமானாலும் திரவமாகித் திண்மமாகும்; இன்னொன்று வாழ்நாளில் ஒரே ஒரு தடவை திரவமாக இருந்தது, இனி எப்போதும் இருக்காது. “பழைய பட்டுப்புடவை, ஜரிகை வாங்குறது” என்று தெருவில் கூவிக்கொண்டு போகிறவருக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். அவர் புடவையை வாங்குவதில்லை, வெள்ளியை வாங்குகிறார். புடவையைக் கொளுத்துவார்கள்; பட்டு புகையும் சாம்பலுமாகும். சாம்பலை மூசையில் வெண்காரத்தோடு போட்டு உருக்கினால் 962 டிகிரியில் வெள்ளி உருகி ஓடி வரும். நைட்ரிக் அமிலத்தில் வெள்ளி கரைய, தங்கம் கரையாமல் அடியில் நிற்கும். கரைசலில் செம்புத் துண்டைப் போட்டால் வெள்ளி பழையபடி பொடியாக இறங்கும். அந்த வெள்ளி மறுபடி கம்பியாகி, மறுபடி ஜரிகையாகி, யாரோ ஒரு மணப்பெண்ணின் கூரைப்புடவையில் ஏறலாம். குறை சொல்ல ஒன்றும் இல்லாத சுழற்சி, வெள்ளியைப் பொறுத்தவரை.

நெசவைப் பொறுத்தவரை அது இழப்பு. கோர்வை போட்டு உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் கோத்து நெய்தது, பேட்னி போட்டு முந்தானையைச் சேர்த்தது, யாளியும் மயில்கண்ணும் ருத்ராட்சமும் எந்த இழைக்குப் பின் எந்த இழையாக வந்தன என்ற கணக்கு, எல்லாம் அந்தப் புகையோடு போய்விடுகிறது. பழைய புடவைகளையும் கோயில் வேலைப்பாடுகளையும் பார்த்துத்தான் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவின் நெசவுக்கூடத்தில் மறந்துபோன கரைகளை மீட்டு நெய்யவைத்தார். பார்ப்பதற்குப் புடவை மிச்சமிருந்ததால் அது முடிந்தது. வெள்ளி விலை ஏறியிருக்கும் இந்த நாட்களில் எத்தனை வீட்டுப் பெட்டிகள் காலியாகியிருக்குமோ.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பாட்டி, கொள்ளுப்பாட்டி காலத்துக் காஞ்சிப் பட்டு இருந்தால் அதைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டையை ஜரிகையில் படும்படி போடாதீர்கள். மாதக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் இழை அங்கேயே இற்றுவிடும். மடிப்பை மாற்றி மாற்றி வையுங்கள். ஜரிகைக்குப் போட்டே ஆக வேண்டிய நெருக்கடி வந்தால், யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கொடுக்கும் முன் பகல் வெளிச்சத்தில் கரை, உடல், முந்தானை மூன்றையும் கிட்டத்தில் படம் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், நெசவாளருக்கு அதுதான் அதிகம் பேசும். யார் வாங்கியது, எந்தக் கல்யாணத்துக்கு, ஏறக்குறைய எந்த வருடம் என்று தெரிந்ததை இரண்டு வரி எழுதி, படங்களோடு அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் எங்களுக்கு அனுப்புங்கள். வருகிறவற்றில் இடம் கொண்ட மட்டும் வெளியிடுவோம்; எல்லாவற்றையும் தொகுத்துக் காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையத்துக்கும் அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்